சாட்சியும் குறுக்கு விசாரணையும்: தத்துப்பிள்ளைகள் எழுதும் விசுவாசக் கதைகள்

சபைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ‘சாட்சி’ என்ற வடிவம் அத்துப்படி. ஆராதனைக்கு நடுவில் பாஸ்டர், “யாராவது சாட்சி சொல்றீங்களா?” என்று கேட்பார். ஒருவர் எழுந்து வந்து மைக்கைப் பிடித்து, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஆரம்பிப்பார். முன்பு எப்படி இருந்தேன், எந்தக் குழியில் கிடந்தேன், கர்த்தர் எப்படித் தூக்கியெடுத்தார், இப்போது எப்படி இருக்கிறேன். குடி, கடன், கேன்சர், பிள்ளை இல்லாத குறை என்று விஷயம் எதுவானாலும் சட்டகம் ஒன்றுதான். முடித்ததும் சபை ‘ஆமென்’ சொல்லும். சாட்சி சொன்னவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தமிழில் இதே சொல் கோர்ட்டிலும் இருக்கிறது. அங்கே சொல்லி முடித்த கையோடு கூண்டிலிருந்து இறங்கிவிட முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து வருவார். நீங்கள் எங்கே நின்றீர்கள், வெளிச்சம் இருந்ததா, பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள், அவர்களை ஏன் கூப்பிடவில்லை?

தத்தெடுப்பைப் பற்றிய கிறித்தவத் தன்வரலாறுகளை வாசிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு சாட்சிகளும்தான் மனதில் வருகின்றன. ஆங்கிலத்தில் இது ஒரு தனி வகைமையாகவே வளர்ந்திருக்கிறது. கைவிடப்பட்ட அல்லது அடிபட்ட ஒரு குழந்தை, விசுவாசமுள்ள ஒரு தம்பதி, கஷ்டமான சில வருடங்கள், கடைசியில் நடந்ததெல்லாம் தேவ சித்தம் என்ற சமாதானம். இவற்றை நக்கலடிப்பது சுலபம். ஆனால் விசுவாசத்தால் உயிர் பிழைத்தவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். ஒருவர் ‘நான் பிழைத்தேன்’ என்று சொன்னால், இலக்கிய ரசனையை வைத்து அதை ரத்து செய்யும் உரிமை எனக்குக் கிடையாது.

என் கேள்வி வடிவத்தைப் பற்றியது. முடிவு நல்லபடியாக அமைந்தது, அதனால் அதற்கு முன் நடந்த எல்லாமே அந்த முடிவுக்காகத்தான் நடந்தது என்று ஒரு கதை சொல்லப்படும்போது, யாரை வெளியே அனுப்பிவிட்டு அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது? ஐடியில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். சர்வர் விழுந்து எழுந்த பிறகு எழுதும் அறிக்கையில் காரணமும் விளைவும் நேர்க்கோட்டில் நிற்கும். ராத்திரி 2 மணிக்கு யாருக்கும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தது அதில் இருக்காது.

தத்தெடுப்புக் கதைகளில் அப்படி வெளியே அனுப்பப்படும் ஆள் பெரும்பாலும் பெற்ற தாய்.

*

இந்த வகைமைக்கு ஒரு மூலப்பிரதி தேடினால் பெர்த்தா ஹோல்ட்டின் ‘தி சீட் ஃப்ரம் தி ஈஸ்ட்’ (1956) நூலில்தான் போய் நிற்க வேண்டும். ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் இருவரும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து விவசாயத் தம்பதி. சொந்தப் பிள்ளைகள் ஆறு பேர். கொரியப் போருக்குப் பிறகு, அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்து நிராதரவாக நின்ற குழந்தைகளைப் பற்றிய ஒரு படத்தை 1954இல் பார்க்கிறார்கள். தூக்கம் போகிறது. எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுப்பது என்று தீர்மானிக்கிறார்கள். சட்டம் அவ்வளவு பேரை அனுமதிக்கவில்லை. 1955இல் அமெரிக்கக் காங்கிரஸ் இவர்களுக்காகவே ஒரு தனிச் சட்டம் இயற்றுகிறது. நூலின் தலைப்பு ஏசாயா 43:5இலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வசனத்தைத் தங்களுக்கு வந்த நேரடி அழைப்பாகவே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தம்பதியின் நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. கலப்பினக் குழந்தைகள் அன்றைய கொரியச் சமூகத்தில் பட்ட பாடு உண்மை. ஆனால் அந்த வீட்டிலிருந்து பிறந்த ஏற்பாடு சீக்கிரமே ஒரு நிறுவனமானது, நிறுவனம் ஒரு முறைமையானது. ஆரம்ப வருடங்களில் விண்ணப்பிக்கும் பெற்றோர் இரட்சிக்கப்பட்ட கிறித்தவர்களாக இருக்க வேண்டும் என்பது ஹோல்ட்டின் முக்கிய நிபந்தனை. போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தும் கொரியாவிலிருந்து குழந்தைகள் போய்க்கொண்டே இருந்தார்கள். பெற்றோர் உயிரோடு இருந்த பிள்ளைகளுக்குக்கூட ‘அநாதை’ என்று தனிக் குடும்பப் பதிவு தயாரானது. 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், ஆவணங்கள் புனையப்பட்டதையும் அரசு அதற்கு இடம் கொடுத்ததையும் மனித உரிமை மீறல் என்று அறிவித்தது.

சாட்சி என்ற வடிவம் இங்கே காகிதத்துக்கு இறங்குவதைக் கவனியுங்கள். ‘அநாதை’ என்பது கதைக்குத் தேவையான தொடக்கம். குழி ஆழமாக இருந்தால்தான் தூக்கியெடுத்தது அற்புதமாகத் தெரியும். அம்மா உயிரோடு இருந்தால் கதை சிக்கலாகிவிடும். அதனால் பேப்பரில் அம்மா இல்லாமல் போகிறாள்.

ஜேன் ஜியோங் டிரெங்காவின் ‘தி லாங்குவேஜ் ஆஃப் ப்ளட்’ (2003) இந்தக் காகிதத்துக்கு எதிராக எழுதப்பட்ட நூல். 1972இல் பிறந்த அவரை அக்காவோடு சேர்த்து மின்னசோட்டாவில் ஒரு லுத்தரன் குடும்பத்துக்கு அனுப்பினார்கள். அவருடைய அம்மா உயிரோடுதான் இருந்தாள். பிள்ளைகளின் விலாசத்தைக் கண்டுபிடித்துக் கொரியாவிலிருந்து கடிதமும் எழுதினாள். ஒரு கடிதம் போதும், ஒரு முழு மீட்புக் கதை ஆட்டம் காண. டிரெங்கா பின்னாளில் கொரியாவுக்கே திரும்பிப் போய், தத்தெடுப்புச் சட்டத்தைத் திருத்தப் போராடியவர்களில் ஒருவரானார். திருத்தப்பட்ட சட்டம் 2012இல் அமலுக்கு வந்தது. முதல் வகைச் சாட்சியை மறுத்தவர், இரண்டாம் வகைச் சாட்சியாக நின்றார்.

*

தத்தெடுப்புக்குக் கிறித்தவத்தில் ஏன் இவ்வளவு கனம்? பவுலின் நிருபங்களில் இதற்கான கிரேக்கச் சொல் ஐந்து இடங்களில் வருகிறது: ரோமரில் மூன்று, கலாத்தியரில் ஒன்று, எபேசியரில் ஒன்று. நம் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் அதைப் ‘புத்திர சுவிகாரம்’ என்கிறது. கடவுள் நம்மைத் தத்தெடுத்தார், ஆகவே நாமும் தத்தெடுப்போம் என்பது அமெரிக்க இவாஞ்சலிக்கல் சபைகளில் 2000க்குப் பிறகு ஓர் இயக்கமாகவே மாறியது. ரஷ்யாவிலிருந்து இரண்டு பையன்களைத் தத்தெடுத்த இறையியலாளர் ரசல் மூர் எழுதிய ‘அடாப்டட் ஃபார் லைஃப்’ 2009இல் வந்தது. அதே ஆண்டு தென் பாப்டிஸ்ட் மாநாடு தத்தெடுப்பை ஊக்குவித்துத் தீர்மானம் போட்டது. அந்த இயக்கத்தின் மறுபக்கத்தைப் பத்திரிகையாளர் கேத்ரின் ஜாய்ஸ் ‘தி சைல்ட் கேச்சர்ஸ்’ (2013) நூலில் விசாரித்தார்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பவுலின் வாசகர்கள் அறிந்திருந்த ரோமானியத் தத்தெடுப்புக்கும் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் பெரிய சம்பந்தமில்லை. ரோமில் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களைத்தான் தத்தெடுத்தார்கள். குடும்பப் பெயரும் சொத்தும் தொடர வேண்டும் என்பதுதான் நோக்கம். ஜூலியஸ் சீசர் தன் உயிலில் ஆக்டேவியனை மகனாக்கியபோது ஆக்டேவியனுக்குப் பதினெட்டு வயது, அம்மா உயிரோடு இருந்தாள். பவுல் பேசியது வாரிசுரிமையைப் பற்றி. ‘மீட்பு’ என்று பிற்காலத்தில் அதன்மேல் ஏற்றிய கதையில்தான் அநாதை தேவைப்பட்டாள்.

மோசேயின் கதையை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். பார்வோனின் மகள் தத்தெடுக்கிறாள், ஆனால் பெற்ற தாய் கதையை விட்டுப் போவதில்லை. கூலி வாங்கிக்கொண்டு தன் பிள்ளைக்குத் தானே பால் கொடுக்கிறாள். கூடை எங்கே போகிறது என்று அக்கா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாத்திராகமம் துரத்தாத அந்த இரண்டு பெண்களைப் பிற்காலச் சாட்சிகள் துரத்திவிட்டன.

*

அந்த அக்கா நிக்கோல் சங்கின் ‘ஆல் யூ கேன் எவர் நோ’ (2018) நூலில் திரும்பி வருகிறாள்.

சங் 1981இல் சியாட்டிலில் குறைமாதத்தில் பிறந்தவர். பெற்றோர் கொரியாவிலிருந்து குடியேறியவர்கள். ஓரிகனின் சிறு நகரில் வாழ்ந்த ஒரு வெள்ளைக் கத்தோலிக்கத் தம்பதி அவரைத் தத்தெடுத்தார்கள். சிறுவயதில் அவருக்குச் சொல்லப்பட்ட கதை அழகானது: உன்னைப் பெற்றவர்களால் உனக்குத் தேவையானதைத் தர முடியவில்லை, உன் நன்மைக்காகவே கொடுத்தார்கள், நாங்கள் ஜெபித்தோம், கடவுள் உன்னைத் தந்தார். எந்தக் குழந்தைக்கும் கேட்கக் கேட்க இனிக்கும் கதை. பிரச்சினை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவள் கண்ணைக் காட்டிக் கேலி செய்தபோது அந்தக் கதையில் அதற்கு இடம் இல்லை. அவள் வீட்டில் சொல்லவில்லை. கடவுள் நேராகக் கொண்டுவந்து விட்ட இடத்தில் குறை சொன்னால் யார் மனம் புண்படும் என்று ஒரு குழந்தைக்குத் தெரியாதா என்ன?

முதல் குழந்தையை வயிற்றில் சுமக்கும்போது சங் தேட ஆரம்பிக்கிறார். கிடைப்பது இனிப்பான உண்மை இல்லை. பெற்ற தாய் அவருடைய அக்கா சிண்டியை அடித்துத் துன்புறுத்தியிருக்கிறாள். வீட்டிலிருந்த பிள்ளைகளிடம் தங்கச்சி பிறந்ததும் செத்துவிட்டாள் என்று சொல்லப்பட்டிருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். சாட்சி சொல்ல விரும்பும் ஒருவருக்கு இதைவிட வசதியான தகவல் கிடைக்குமா? ‘பாருங்கள், அந்தக் கையிலிருந்து கடவுள் என்னைக் காப்பாற்றினார்’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடலாம்.

சங் முடிக்கவில்லை. காரணம் சிண்டி. தங்கை தப்பித்தது தேவ சித்தம் என்றால் அக்கா அடிவாங்கியது யாருடைய சித்தம்? இந்தக் கேள்வியை நூல் உரத்த குரலில் கேட்பதில்லை. வடிவத்தால் கேட்கிறது. தன் கதைக்கு நடுநடுவே சிண்டியின் பால்யத்தைப் படர்க்கையில், தனிப் பகுதிகளாக எழுதுகிறார் சங். தன்வரலாற்றில் ‘நான்’ என்பது ஒரு சலுகை. அந்தச் சலுகையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இன்னொரு சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறார். நூலின் நடை அடக்கமானது, சில இடங்களில் தேவைக்கு மேல் மரியாதையானது. வளர்ப்புப் பெற்றோரை நோக்கி வரவேண்டிய கோபம் பாதியில் நின்றுவிடுகிறது என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் சிண்டியின் பக்கங்கள் அந்தக் குறையைத் தாண்டி நூலைத் தூக்கி நிறுத்துகின்றன.

*

ஜெனட் விண்டர்சன் விஷயத்தில் காயம் கொடுத்ததே விசுவாசம்தான். 1959இல் மான்செஸ்டரில் பிறந்த அவரை அக்ரிங்டன் என்ற மில் நகரத்தில் ஒரு பெந்தெகொஸ்தே தம்பதி தத்தெடுத்தார்கள், மிஷனரியாக வளர்ப்பதற்காக. நிலக்கரி அறையில் பூட்டுவது, ராத்திரி முழுக்க வாசற்படியில் உட்கார வைப்பது, ஒரு பெண்ணைக் காதலித்ததற்காகச் சபை மூப்பர்களை வைத்துப் பிசாசு துரத்துவது, மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்த புத்தகங்களை எரிப்பது. பதினாறு வயதில் வீட்டைவிட்டு வெளியேறுகிறார்.

இதே வாழ்க்கையை அவர் இரண்டு முறை எழுதினார். முதலில் ‘ஆரஞ்சஸ் ஆர் நாட் தி ஒன்லி ஃப்ரூட்’ (1985) என்ற நாவல். அதன் எட்டு அத்தியாயங்களுக்கும் ஆதியாகமம் முதல் ரூத் வரை வேதாகமப் புத்தகங்களின் பெயர்கள். சபையை விட்டு ஓடியவர் கையில் சபை கொடுத்த சட்டகம்தான் இருந்தது. இருபத்தாறு வருடம் கழித்து ‘ஒய் பி ஹேப்பி வென் யூ குட் பி நார்மல்?’ (2011) என்ற தன்வரலாறு. வீட்டைவிட்டுப் போகிற மகளைப் பார்த்து அம்மா கேட்ட கேள்விதான் தலைப்பு.

இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரு விஷயம் பிடிபடும். நாவலில் எல்சி என்ற அன்பான கிழவி வருவாள். சபையில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘சாட்சி சொல்லும் எல்சி’. தனியாகத் தவிக்கும் சிறுமிக்கு அவள்தான் துணை. தன்வரலாற்றில் விண்டர்சன் அமைதியாகச் சொல்லிவிடுகிறார்: எல்சி என்று யாரும் இல்லை. நிஜத்தில் இருந்த தனிமையைத் தாங்க முடியாததால் அவளை உண்டாக்கினேன். வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். தான் முன்பு சொன்ன சாட்சியைத் தானே குறுக்கு விசாரணை செய்து, இருந்த ஒரே ஆறுதலையும் திரும்பப் பெற்றுக்கொள்ளும் துணிவு அது. நாவல் பொய் என்று ஆகிவிடவில்லை. அந்த வயதில் உயிரோடு இருக்க அந்தக் கதை தேவைப்பட்டது. இந்த வயதில் அது இல்லாமலும் நிற்க முடிகிறது. பிழைத்தல் என்ற சொல்லுக்கு நான் வாசித்த நல்ல உதாரணங்களில் இது ஒன்று.

இன்னொன்று, ‘ஜேன் ஐர்’ விவகாரம். திருமதி விண்டர்சன் இந்த நாவலை மகளுக்கு வாசித்துக் காட்டும்போது முடிவைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடுவாராம். அநாதைப் பெண் ஜேன், ரோச்செஸ்டரிடம் திரும்பிப் போகாமல், மிஷனரி செயின்ட் ஜான் ரிவர்ஸைக் கட்டிக்கொண்டு ஊழியத்துக்குப் போகிறாள். ஒரு தத்துப்பிள்ளையின் கதையை வளர்ப்புத் தாய் திருத்தி எழுதுவது என்றால் இதுதான். உண்மையான முடிவைப் பிற்பாடு தானாக வாசித்துக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு, கதையில் மாற்றப்பட்டது தன் தலையெழுத்துதான் என்று புரிகிறது.

அப்படியிருந்தும் விண்டர்சன் சபையைக் கையை உதறிவிட்டு எழுதவில்லை என்பதுதான் அவருடைய நேர்மை. மில் தொழிலாளிகளுக்கு 1611ஆம் வருடத்து வேதாகம ஆங்கிலம் தினசரிச் சொத்தாக இருந்ததையும், தன் மொழி அங்கேதான் முளைத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறார். பல வருடம் கழித்துப் பெற்ற தாயைக் கண்டுபிடிக்கிறார். அவர் திருமதி விண்டர்சனைக் குறை சொன்னதும் மகளுக்குக் கோபம் வருகிறது. எவ்வளவு கொடுமைக்காரியாக இருந்தாலும் அவள் என் அம்மா, நீ பேசாதே என்கிற கோபம். நம்மூரில் எந்த வீட்டிலும் புரியும் கோபம் இது. பெற்றவளும் வளர்த்தவளும் ஒருவரையொருவர் ரத்து செய்துகொள்வதில்லை. அடுத்து என்ன என்று தெரியாமலேயே நூல் முடிகிறது.

*

செயின்ட் ஜான் ரிவர்ஸ் நாவலில் போவது இந்தியாவுக்கு. நிஜத்தில் இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையில் பிள்ளைகளால் ‘அம்மா’ என்று அழைக்கப்பட்டவர் ஏமி கார்மைக்கேல். 1901இல் ப்ரீனா என்ற சிறுமி கோயில் பெண்களின் வீட்டிலிருந்து தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். டோனாவூர் இல்லம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கார்மைக்கேலை வெறும் சாட்சி எழுத்தாளர் என்று ஒதுக்க முடியாது. ‘திங்ஸ் ஆஸ் தே ஆர்’ (1903) நூலின் கைப்பிரதி ரொம்பச் சோர்வு தருகிறது, கொஞ்சம் உற்சாகமாக மாற்றிக்கொடுங்கள் என்று ஆரம்பத்தில் திருப்பி அனுப்பப்பட்டது. அவர் மாற்றவில்லை. ‘அல்லேலூயா’ போடவேண்டிய இடத்தில் அதைப் போட மறுத்தவர்.

ஆனாலும் குறுக்கு விசாரணைக்கு இங்கேயும் இடமிருக்கிறது. ப்ரீனா அதற்கு முன்பும் ஒருமுறை தப்பி அம்மாவிடம் ஓடினாள். கணவனை இழந்த அந்த அம்மா அவளைத் திரும்ப ஒப்படைத்துவிட்டாள். டோனாவூர்க் கதையில் அந்தத் தாய் அத்தோடு மறைந்துவிடுகிறாள். அவளுக்கு என்ன நெருக்கடி, யார் மிரட்டினார்கள், பிள்ளையை விட்டுவிட்டு வீடு திரும்பிய இரவு எப்படி இருந்தது? அதை எழுத ஆளில்லை. அந்த உலகத்தை உள்ளேயிருந்து எழுதிய தமிழ்க் குரலுக்கு நாம் 1936வரை, தேவதாசி வீட்டில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே காப்பாற்றியவரின் குரல் இல்லை, தப்பித்தவளின் குரல் இருக்கிறது. அதன் சூடே வேறு.

இன்னொரு வேடிக்கை. ‘புத்திர சுவிகாரம்’ என்ற சொல்லை ஞாயிறுதோறும் வாசித்த இந்தியக் கிறித்தவர்களுக்குத் தத்தெடுக்கத் தனிச் சட்டம் இருக்கவில்லை. 1956ஆம் வருடத்துத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும். மற்றவர்கள் 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின்கீழ் ‘கார்டியன்’ ஆகலாம், அவ்வளவுதான். அதில் வாரிசுரிமை கிடையாது, வயது வந்ததும் உறவு சட்டப்படி முடிந்துவிடும். 2000ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும் வந்த பிறகுதான் எல்லா மதத்தவருக்கும் தெளிவான வழி பிறந்தது. பவுல் எதற்காக அந்த உவமையை எடுத்தாரோ, அந்த வாரிசுரிமைதான் இத்தனை காலம் இங்கே விடுபட்டிருந்தது.

*

அப்படியென்றால் விசுவாசத்தோடு எழுதப்படும் நல்ல தத்தெடுப்புத் தன்வரலாறு சாத்தியமா? சாத்தியம் என்றே நினைக்கிறேன். விசுவாசத்தைக் கதையின் தீர்ப்பாக வைக்காமல், கதையில் நடமாடும் ஒரு மனிதரின் குணமாக வைத்தால் போதும். நிக்கோல் சங்கின் இரண்டாவது நூலான ‘எ லிவிங் ரெமெடி’ (2023) அதைச் செய்கிறது. இந்த முறை அவர் எழுதுவது வளர்ப்புப் பெற்றோரின் மரணத்தை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு. காப்பீடு இல்லாமல், காசு இல்லாமல், நேரத்துக்கு வைத்தியம் பார்க்க முடியாமல் 67 வயதில் போய்விடுகிறார். அவர் சாவுக்குக் காரணமாக சங் காட்டுவது தேவ சித்தத்தை அல்ல, அமெரிக்க மருத்துவ அமைப்பை. இரண்டு வருடம் கழித்து, 2020இல், பெருந்தொற்றின் நடுவே அம்மா புற்றுநோயில் போகிறார். மகளால் பயணம் செய்ய முடியவில்லை. அடக்க ஆராதனையைத் தூரத்திலிருந்து திரையில் பார்க்கிறார்.

சாகப்போகும் அம்மாவுக்கு விசுவாசம் இருந்தது, அது அவருக்கு உதவியது. மகள் அதைப் பார்க்கிறாள், மரியாதையோடு எழுதுகிறாள், தன்னுடையதாக்கிக்கொண்டு ஒரு முடிவுரை செய்யவில்லை. சிறுவயதில் கேட்ட ‘கடவுள் உன்னைத் தந்தார்’ கதையை முதல் நூலில் அவ்வளவு பிரித்துப்போட்டவர், அந்தக் கதையைச் சொன்னவளின் கடைசி நாட்களில் அவளோடு வாதாடவில்லை. எந்தச் சபையிலும் ஐந்து நிமிடத்தில் இதைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. சொன்னாலும் எந்த இடத்தில் ஆமென் போடுவது என்று யாருக்கும் தெரியாது.